குறிஞ்சா குடித்த நாக்கு

எழுபதுகளின் முற்பகுதி. எங்கள் தீவில் நீரிழிவு என்கிற சீனி வருத்தக்காரருக்கு மருந்துக் குளிசை கிடைப்பது அருமையாகிவிட்டது. கப்பலில் வரவேண்டிய எல்லாமே அப்போது குறைவு: சீனி, கோதுமை மா, சைக்கிள் ரயர், மருந்து. இறக்குமதி நின்றதும் கொழும்பில் இருந்த சிலருக்கு வேலிகளில் படரும் கொடிகள்மீது திடீரென்று மதிப்பு வந்தது. அந்த மதிப்பின் ஒரு துண்டு, ஒரு காரிலும் வைக்கோல் அடைத்த மரப்பெட்டிகளிலும் ஏறி, பண்ணைப் பாலத்தைத் தாண்டி, ஊர்காவற்றுறைப் பக்கத்தில் இருந்த எங்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது.

வந்தவர் ஒரு டொக்டர். தமிழர். கொழும்பில் மூலிகைகளைச் சோதிக்கும் ஒரு குழுவுக்குப் பொறுப்பானவர். கூட்டுறவுச் சங்கக்கடையின் பின்னறையை அவருக்குக் கொடுத்தார்கள். முன்பு மா மூட்டைகள் அடுக்கியிருந்த அறை. மா வராததால் அறை சும்மா கிடந்தது. கண்ணாடிக் குழாய்களையும் ஸ்பிரித்து விளக்கையும் மேசையில் பரப்பிவிட்டு, எழுதத் தெரிந்த, கொஞ்சம் இரசாயனம் படித்த ஓர் ஆள் வேண்டும் என்றார். சங்கக்கடை மனேச்சர் என்னைக் காட்டினார்.

நான் அதற்குச் சில வருடங்கள் முன்புவரை பட்டணத்தில் ஒரு பத்திரிகையில் இருந்தேன். முதலில் அச்சுப்பிழை பார்த்தேன். பிறகு கிராமங்களிலிருந்து வரும் செய்திகளைத் திருத்தி எழுதினேன். இருட்டின பிறகு ஒரு பெண் தனியாகப் பஸ்ஸில் தீவுக்குத் திரும்புவது வீட்டாருக்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டேன். விட்டதில் எனக்குச் சம்மதமில்லை. இதை எழுதும்போதும் இல்லை.

டொக்டர் கதிரையில் இருந்தபடி கேட்டார்: "நீர் கண்டதை மட்டும் எழுதுவீரோ? கற்பனை கலக்காமல்?"

"நான் பேப்பரிலை வேலை செய்தனான்."

"அதாலைதான் கேக்கிறன்."

சிரித்தேன். வேலை கிடைத்தது.

சோதிக்க வந்தது குறிஞ்சா இலை. எங்கள் ஊரில் அதை அறியாதவர் இல்லை. வேலணைப் பக்கத்து வேலிகளில் கிளுவைக்கு மேலால் ஏறிப் படர்ந்து கிடக்கும். பிடுங்கி வந்து குறுணியாக அரிந்து, தேங்காய்ப்பூ போட்டு வறை வறுப்பார்கள். சீனி வருத்தத்துக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்கள். நல்லதா என்று பார்த்தவர் யாரும் இல்லை. டொக்டர் அதைப் பார்க்க வந்தார். அந்த அளவில் அவர்மீது எனக்கு மரியாதை.

கொழும்பில் செய்த சோதனைகளில் ஒன்றை முதல் நாள் எனக்குச் செய்து காட்டினார். காய்ந்த இலைத்தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, வடித்து, ஆறவிட்டு, குழாயின் வாயைப் பெருவிரலால் பொத்திக் குலுக்கினார். சவர்க்காரத் தண்ணீர்போல நுரைத்தது. சவர்க்கார நுரை கொஞ்ச நேரத்தில் அடங்கும். இது அடங்காமல் குழாயில் நின்றது. "சபோனின்," என்றார். சில மூலிகைகளில் நுரையைத் தருகிற பொருள் அது. அது உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதற்கு நுரை பதில் சொல்லாது. பதிலுக்கு ஆட்கள் வேண்டும்.

ஆட்கள் வந்தார்கள். காலையில் ஆளுக்கு ஒரு கோப்பை குறிஞ்சாக் கசாயம். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, உச்சி வெயிலுக்கு முன் சலத்தை, அதாவது சிறுநீரை, ஒரு போத்தலில் கொண்டுவந்து தரவேண்டும். இருந்த போத்தல்களில் வந்தது. இருமல் மருந்துப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல், சாராயப் போத்தல். சாராயப் போத்தலோடு வந்தவரை மனேச்சர் வாசலில் மறித்து, "அண்ணை, இதைக் கடைக்கு முன்னாலை ஆட்டிக்கொண்டு வராதேங்கோ, ஆரும் விலை கேப்பினம்" என்றார்.

என் வேலை அந்தச் சலத்தில் சில துளிகளைப் பெனடிக்ற் கரைசலில் விட்டுச் சூடாக்குவது. கரைசல் நீலம். சலத்தில் சீனி இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. கூடினால் மஞ்சள், பிறகு தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம். மிகக் கூடினால் செங்கல். ஒவ்வொருவருக்கும் எதிரில் நிறத்தை எழுதுவேன். செங்கல், செங்கல், தோடம்பழம், செங்கல். வாரங்கள் போயும் அந்தச் சொற்கள் மாறவில்லை.

வந்தவர்களில் ஒருத்தி மீன்காரி. கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். புருசன் கடலுக்குப் போவார். கரைக்கு வருவதைக் கடகத்தில் சுமந்து வீடு வீடாக விற்பவள் இவள். நடப்பதுதான் தொழில். வலது காலின் சின்னவிரலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. பட்டணத்து ஆஸ்பத்திரியில், இப்படியே சீனி நின்றால் விரலை எடுக்கவேண்டி வரும், பிறகு பக்கத்து விரலையும் பார்க்கவேண்டி வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் தவணை கேட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"விரல் என்ரை. எடுக்கிறதெண்டால் நான் சொல்லுற நாளிலை எடுக்கட்டும்," என்றாள் முதல் நாளே. "அதுக்கு முதல் இந்தக் கைச்சல் தண்ணியைக் குடிச்சுப் பாக்கிறன். டொக்குத்தர் ஐயா, இதைக் குடிச்சும் விரல் போனால் உங்கடை விரலைத் தருவியளோ?"

டொக்டர் நிமிரவில்லை. "சீனி சேர்க்கிறீங்களோ?" என்று தன் கேள்வியைக் கேட்டார். எல்லோரிடமும் கேட்கும் கேள்வி.

"சீனியோ? கூப்பனுக்குத் தாற சீனி எறும்புக்கே காணாது. அரசாங்கம் எங்களுக்கு ஏற்கெனவே பத்தியம் வைச்சிட்டுது. நீங்கள் புதிசாய் என்னத்தை வைக்கப்போறியள்?"

மற்றவர்களின் பதிலும் அதுதான். சீனி இல்லை. கேக் இல்லை. சோடா கண்டு கனகாலம். நான் எல்லாவற்றையும் எழுதினேன். அவர்கள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

ஒருநாள் டொக்டர் என் தாள்களை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வேலை செய்யேல்லை," என்றார். "சிலருக்குக் கூடியும் இருக்கு. இலையிலை ஒண்டும் இல்லை. இந்தக் கிழமையோடை முடிப்பம்."

அவருடைய குரலில் வருத்தம் இல்லை, சந்தோசமும் இல்லை. சோதனை என்பது அதுதான். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காதது அடுத்த வசனம்.

"பேப்பருக்கு நீர் தமிழிலை ஒரு சின்னக் குறிப்பு எழுதும். குறிஞ்சாவாலை பிரயோசனம் இல்லையெண்டு. சனம் இலையை நம்பிக்கொண்டு இருக்கக்கூடாது."

எழுதத்தான் நினைத்தேன். முதல் வசனத்தைக்கூட மனதில் அமைத்துவிட்டேன். அடுத்த நாள் காலை கடைக்கு முன்னால் சண்டை வந்தது.

மீன்காரி கசாயத்தைக் குடித்துவிட்டு முன்பக்கம் போனவள், பனங்கட்டி ஒரு குட்டானை மனேச்சரின் மேசையில் ஓங்கி வைத்தாள். சின்ன ஓலைப்பெட்டியில் ஊற்றி இறுகின கட்டி அது. ஒரு மூலையில் கடித்த அடையாளம் இருந்தது.

"இது பனங்கட்டியோ, மண்ணாங்கட்டியோ?"

"அக்கா, கத்தாதேங்கோ. அசல் பனங்கட்டி."

"அசல்! கிழமைக் கணக்காய் வாங்குறன். கடிச்சால் மண். என்னத்தைக் கலக்கிறியள்?"

மனேச்சர் மற்ற மூலையில் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டார். "தேன் மாதிரி இருக்கு."

"உமக்குத் தேன், எனக்கு மண்ணோ?"

"உங்கடை நாக்கிலைதான் ஏதோ கோளாறு."

"என்ரை நாக்கு ஏசத் தொடங்கினால் தெரியும், கோளாறு ஆருக்கெண்டு."

சனம் கூடிவிட்டது. அவளுக்குப் பின்னால் நின்ற, வயல் செய்யும் ஒரு கமக்காரர், "அவ சொல்லுறது சரி, எனக்கும் மண் மாதிரித்தான் கிடக்கு" என்றார். மண்ணெண்ணெய் வாங்க வந்த ஒருவர் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்று, "எனக்கு இனிக்குது" என்றார். இன்னொரு பெண் "மண்" என்றாள். மனேச்சரின் முகம் கறுத்தது. பனங்கட்டியில் கலப்படம் என்ற கதை பரவினால் அவருடைய வேலை போய்விடும்.

பத்திரிகையில் எனக்குப் பழக்கிய ஒரு வேலை உண்டு. இரண்டு பக்கமும் சத்தியம் பண்ணும்போது யார் சொல்வது சரி என்று பார்க்காதே. யார் யார் எங்கே நின்றார்கள் என்று பார். பின்னறை வாசலில் நின்று பார்த்தேன். மண் என்று சொன்ன எல்லோரும் எங்கள் ஆட்கள். சற்று முன்னர் பின்னறையில் கசாயம் குடித்து வந்தவர்கள். இனிக்குது என்றவர்கள் குடிக்காதவர்கள்.

உள்ளே போனேன். பானையின் அடியில் கசாயம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. வாயில் ஊற்றிக் கொப்பளித்து விழுங்கினேன். பயங்கரக் கைப்பு. வெளியே வந்து அந்தக் குட்டானிலேயே ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டேன். முதலில் கட்டியின் சொரசொரப்பு. கரையத் தொடங்கியதும் பாணி காய்ச்சின புகைமணம், அடியில் மெல்லிய சுண்ணாம்பு. இனிப்பு இல்லை. குறைவாக இருந்தது என்றல்ல, இல்லவே இல்லை.

"அண்ணை, உங்கடை சீனியிலை ஒரு கரண்டி தாங்கோ," என்றேன். மனேச்சர் தன் தேநீருக்கென்று ஒரு ரின்னில் ஒளித்து வைத்திருப்பது ஊருக்கே தெரியும். தயங்கித் தயங்கித் தந்தார். கடற்கரை மணலை வாயில் போட்டது போல இருந்தது.

மனேச்சர் என் முகத்தைப் பார்த்து, "என்ன, இதுவும் மண்ணோ?" என்றார். "கூப்பன் சீனி. இதிலை நான் கை வைக்கேல்லை, ஆணை."

எல்லோரையும் பின்னறைக்குக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டேன். கசாயம் குடித்ததும் என்ன செய்கிறீர்கள்?

அவர்களுக்குக் கேள்வியே விளங்கவில்லை. கைப்பு மருந்து குடித்தால் வாய்க்கு ஒரு துண்டு பனங்கட்டி கடிக்காமல் யாராவது இருப்பார்களா? எங்கள் பக்கத்தில் கசாயத்தோடு அது கூடவே வரும், கோப்பையோடு தண்ணீர் வருவதுபோல. அதைச் சாப்பாடு என்று யாரும் நினைப்பதில்லை. மருந்து குடிப்பதன் கடைசிப் பகுதி அது. டொக்டருக்கு முன்னால் வாயை மெல்லுவது மரியாதை இல்லை என்பதால் வெளியே போய்க் கடித்தார்கள். அவர் பார்க்கவில்லை. நான் விளக்குக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவள். பார்த்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது.

"ஒரு துண்டுதானே?" என்று கேட்டேன்.

கமக்காரர் சொன்னார்: "ஒண்டு கடிச்சால் இனிக்கேல்லை பிள்ளை. அதாலை இன்னொண்டு. அதுவும் இனிக்கேல்லை."

"பிறகு?"

"பிறகு என்ன, இனிக்குமட்டும்."

மீன்காரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் வீட்டை போய்த் தேத்தண்ணிக்கும் அதைத்தான் கடிக்கிறன். சீனி இல்லைத்தானே. பாதிக் குட்டான் போகும்." பிறகு தன் காலைப் பார்த்தாள். "அப்ப நான் காசு குடுத்து வாங்கித் திண்டது என்ரை விரலையோ?"



டொக்டரிடம் சொன்னேன். அவர் உடனே கசாயம் குடித்து, சீனி தின்று பார்த்தார். நல்ல விஞ்ஞானி; அதில் குறை சொல்ல மாட்டேன். அவருடைய கண்கள் விரிந்தன. "இது வடிவான விசயம். நாக்கிலை இனிப்பை மட்டும் மறைக்குது. கைப்புத் தெரியுது, உப்புத் தெரியுது. இதைத் தனியாய் எழுதலாம்."

"சோதனையைத் திரும்பச் செய்வமோ?" என்று கேட்டேன்.

"எந்தச் சோதனை?"

"சீனி வருத்தச் சோதனை. பனங்கட்டி இல்லாமல்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அது முடிஞ்சுது. நான் போகவேணும். இன்னும் ஒண்டு சொல்லுறன், குறை நினையாதையும். உங்கடை சனத்தை வைச்சு இதைச் செய்ய ஏலாது. பத்தியம் எண்டால் பத்தியம் காக்கவேணும். பொய் சொல்லிப்போட்டு..."

"பொய் சொல்லேல்லை."

"சொல்லேல்லையோ?"

"நீங்கள் சீனி எண்டு கேட்டனீங்கள். சீனி இல்லையெண்டவை. பனங்கட்டி எண்டு நீங்களும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. கேளாத கேள்விக்கு ஆர் பொய் சொல்ல ஏலும்?"

 நான் விடவில்லை. "இலையாலை பிரயோசனம் இல்லையெண்டு நான் எழுதமாட்டன். பிரயோசனம் இருக்கெண்டும் எழுதமாட்டன். ஒண்டும் பாக்கேல்லை எண்டால் எழுதித் தாறன்."

"நீர் என்ரை ஆள் எண்டு நினைச்சன்."

"நான் எழுதுற ஆள்."

பின்னேரம் அவர் காரில் ஏறினார். கண்ணாடிச் சாமான்களை ஒழுங்காக அடுக்க நேரமில்லை. பிறகு வந்து எடுப்பதாகச் சொல்லி, அறையைப் பூட்டித் திறப்பை மனேச்சரிடம் கொடுத்தார். கரைசல் போத்தல்களும் இலைத்தூள் ரின்களும் உள்ளேயே இருந்தன.

அடுத்த நாள் காலை நான் போனபோது மீன்காரி பின்னறை வாசலில் கடகத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் இருந்தாள். கமக்காரரும், சீனி வருத்தத்துக்காக வந்துகொண்டிருந்த என் மாமியும், மற்றவர்களும் நின்றார்கள்.

"திற," என்றாள்.

"டொக்டர் போட்டார் அக்கா."

"அவர் போனால் போகட்டும். நீலத்தண்ணி கிடக்குதுதானே? நான் எத்தினை பேருக்குச் செங்கல் நிறத்தைக் காட்டினனான். ஒருக்காப் பச்சையைக் காட்டிப்போட்டுப் போறன்."

மனேச்சர் திறப்பைத் தந்தார். கலப்படக் கதையிலிருந்து தப்பிய நன்றி அவருக்கு இருந்தது. நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வருத்தம் அவர்களுடையது, சலம் அவர்களுடையது, கொடி எங்கள் வேலியில் படர்ந்தது. யாரிடம் கேட்பது?

ஆனால் எல்லோருக்கும் கசாயம் கொடுத்து, எல்லோரும் பனங்கட்டியை விட்டால், குறைந்தது எதனால் என்று தெரியாது. அதைச் சொன்னேன். இரண்டு பகுதி வேண்டும்: எல்லோரும் பனங்கட்டியை விடவேண்டும், பாதிப் பேர் மட்டும் கசாயம் குடிக்கவேண்டும். மருந்தே இல்லாமல் போகும் பாதியில் யார் இருப்பது என்று கேட்டேன்.

மீன்காரிதான் பேசினாள். "ஆர் ஆருக்கெண்டு நீ பிரிக்கப்போறியோ?"

"ஓம்."

"அது சரிவராது தங்கச்சி. நீ எவ்வளவு நேர்மையான ஆளெண்டாலும் உன்ரை மாமிக்கு இலையைக் குடுத்து எனக்குப் பச்சைத்தண்ணி தருவாய். கரையிலை மீன் பங்கு போடுற மாதிரிப் போடு."

கரையில் நடப்பது இதுதான். வலை இழுத்தவர்கள் மீனைப் பங்குகளாகக் குவிப்பார்கள். ஆளுக்கொரு அடையாளம் கொடுப்பார்கள்: ஒரு சிப்பி, ஒரு தீக்குச்சி, ஒரு துண்டுப் புகையிலை. எது யாருடையது என்று அறியாத ஒருவர் அவற்றை வாங்கிக் குவியலுக்கு ஒன்றாக வைப்பார். விழுந்த பங்கு விழுந்ததுதான். பங்கு பிரித்தவனையும் வைத்தவனையும் யாரும் ஏசமுடியாது.

நாங்கள் மேசையின் இரண்டு முனைகளில் இரண்டு சுளகு வைத்தோம். ஒன்று கசாயம், மற்றது வெறும் பத்தியம். சட்டைப் பொத்தான், ஊசி, புளியங்கொட்டை, செபமாலையிலிருந்து கழன்ற ஒரு மணி என்று ஆளுக்கொன்று தந்தார்கள். அனலைதீவு வள்ளத்துக்குப் போகும் வழியில் கடையில் நின்ற ஒரு பெரியவரைக் கூப்பிட்டோம். "என்ன பிள்ளையள், சூதாட்டமோ?" என்று கேட்டுக்கொண்டே இங்கொன்று அங்கொன்றாக வைத்துவிட்டு, சுருட்டுக்கு நெருப்பு வாங்கிக்கொண்டு போனார்.

செபமாலை மணி வெறும் பத்தியத்தில் விழுந்தது. மீன்காரியுடையது.

அவள் சுளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலையை நம்பி வந்தவர்களில் அவளைப்போல நம்பியவர் இல்லை. கைப்பு என்று ஒருநாளும் மிச்சம் வைக்காதவள்.  இதில் பிழை வந்தால் போகப்போவது என் கால் அல்ல.

மனேச்சர் மெல்லச் சொன்னார்: "அக்காவின்ரையை மாத்தி வைப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"இவ்வளவு பேருக்கும் தெரியும்," என்றாள் அவள். "பங்கு விழுந்த பிறகு மீனை மாத்தின ஆள் எங்கடை கரையிலை பிறகு வலையிலை கை வைக்க ஏலாது. விடும். நான் குடியாமல் இருக்கிறன்."

நான் ஒரு நிபந்தனை போட்டேன். புண்ணுக்கு நாள்தோறும் போய் மருந்து கட்டவேண்டும், புண் கறுத்தால் அன்றைக்கே பட்டணத்துக்குப் போகவேண்டும், குளிசை கிடைக்கிறவர்கள் குளிசையை நிறுத்தக்கூடாது. எல்லோரும் ஓம் என்றார்கள். அவள் மட்டும், "நீ என்ன டொக்குத்தரோ?" என்று கேட்டுவிட்டுப் பிறகு ஓம் என்றாள்.

பனங்கட்டியை விடுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய வேலை என்பதை நான் அப்போதுதான் கண்டேன். கசாயம் குடித்தவர்களுக்கு அது கொஞ்சம் சுலபம். கடித்தாலும் மண்தான் என்று தெரியும். குடிக்காதவர்களுக்குத்தான் பாடு. மீன்காரி தேநீரை ஒன்றுமில்லாமல் குடித்துவிட்டு, தேநீரை ஏசினாள், தேயிலையை ஏசினாள், தேயிலை நட்ட வெள்ளைக்காரனை ஏசினாள். மனேச்சர் சத்தியம் பண்ணிவிட்டார், எங்கள் ஆட்களுக்குப் பனங்கட்டி விற்பதில்லை என்று. ஒருநாள் அவள் அடுத்த ஊர்க்கடையில் நின்றதைக் கண்டதாக ஒருவர் கோள் சொன்னார். நேரே கேட்டேன்.

"நிண்டனான்," என்றாள். "மணந்துபோட்டு வந்தனான். மணக்கிறதுக்கும் உன்ரை தண்ணி சிவக்குமோ?"

சிவக்கவில்லை. அவளுடைய குழாய் செங்கலிலிருந்து தோடம்பழத்துக்கு இறங்கியது. அங்கே சில நாள் நின்று என்னைப் பயமுறுத்தியது. பிறகு மஞ்சள். பிறகு, ஒரு காலையில், பச்சை. குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சளைப் பச்சை என்று எழுதும் ஆசை எனக்குள் இருந்ததால் மனேச்சரையும் கூப்பிட்டு நிறம் கேட்டேன். "பச்சை," என்றார். எழுதினேன்.

கசாயம் குடித்தவர்களுக்கும் இறங்கியது. பத்தியக்காரரைவிடக் கொஞ்சம் கூட இறங்கியதாகத் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்வேன். ஆட்கள் குறைவு, இருந்தது நிறம் பார்க்கும் கண், அதுவும் என் கண். கமக்காரருக்கு இலை நன்றாக வேலை செய்ததுபோல இருந்தது. என் மாமிக்கு ஒன்றும் செய்யவில்லை. இரண்டு சுளகுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: பனங்கட்டியை விட்டார்கள்.

சாமான்களை எடுக்க டொக்டர் திரும்பி வந்தபோது நாங்கள் வேலையில் இருந்தோம். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். தாள்களை வாங்கிப் பார்த்தவரின் முகம் வேறுவிதமாக மாறியது. மேலிடத்தில் நாட்டு வைத்தியத்துக்கு ஆதரவான காற்று அப்போது நன்றாக வீசியது. வேலை செய்த இலை ஒன்றைக் கொண்டுபோனால் அவருக்கு நல்லது.

"கசாயம் குடிச்ச ஆக்களின்ரை தாளை மட்டும் தாரும்," என்றார். "முன்னம் செங்கல், இப்ப பச்சை. வடிவாய் நிக்குது."

"மற்றத் தாள்?"

"அது தேவையில்லை. அவை மருந்து குடிக்கேல்லைத்தானே."

"அதாலைதான் தேவை."

"நீர் முதல் இலையிலை ஒண்டும் இல்லையெண்டு எழுதமாட்டன் எண்டீர். இப்ப இருக்கெண்டு எழுதவும் மாட்டீரோ? என்ன ஆள் நீர்?"

"இரண்டு தாளும் சேர்ந்துதான் போகும். இல்லாட்டி ஒண்டும் போகாது."

அவர் தன் பெட்டிகளை எடுத்தார். குழாய்களை எடுத்தார். மிஞ்சிய கரைசலையும் எடுத்தார். தாள்களை எடுக்கவில்லை, அவை என் கையில் இருந்தன, நான் கையைத் திறக்கவில்லை. நாக்கில் இனிப்பு மறைவதைப்பற்றி அவர் பிறகு எழுதினார் என்று கேள்விப்பட்டேன். சீனி வருத்தத்தைப்பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்த மட்டில் அவரும் நேர்மையாகவே நடந்தார்.

மீன்காரியின் புண் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியது. அவள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். விரலை அமத்திப் பார்த்தார்கள், சலத்தைப் பார்த்தார்கள், இப்போதைக்கு எடுக்கத் தேவையில்லை, கட்டு விடாமல் வாருங்கள் என்றார்கள். "இப்போதைக்கு" என்ற சொல்லை அவள் விரும்பவில்லை. பஸ்ஸில் மண்டைதீவு தாண்டும்வரை அதற்காக அவர்களை ஏசிக்கொண்டு வந்தாள்.

கதை பரவியது. என் பழைய பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் கமராவோடு சங்கக்கடைக்கு வந்தார். எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வந்த இளம் ஆள். வரும்போதே தலைப்பைக் கொண்டுவந்திருந்தார்: தீவகத்து மூலிகை காலைக் காப்பாற்றியது. வழியில் ஒரு வேலியில் குறிஞ்சாக் கொடியும் அறுத்து வந்திருந்தார். அதை மீன்காரியின் கையில் கொடுத்து, "அக்கா, இதைப் பிடிச்சுக்கொண்டு சிரியுங்கோ" என்றார்.

அவள் கொடியை ஒருபக்கமும் மறுபக்கமும் பார்த்தாள். "ஏன்?"

"இதாலைதானே சுகம் வந்தது?"

"நான் இதைக் குடியாமல் விட்டனான் தம்பி."

"முதல் குடிச்சனீங்கள்தானே?"

"குடிக்கேக்கை செங்கல். விட்டாப்பிறகு பச்சை. போடு, அதைப் போடு."

அவர் என்னைப் பார்த்தார், ஒரே தொழில்காரி என்ற உரிமையோடு. "நீங்களாவது சொல்லுங்கோ. குடிச்ச ஆக்களுக்கும் குறைஞ்சதாமே. இலை வேலை செய்யுதோ, இல்லையோ?"

"தெரியாது," என்றேன்.

"தெரியாதெண்டு எப்பிடித் தலைப்புப் போடுறது?"

"தெரியாதெண்டே போடும்."

"ஆசிரியர் என்னைக் கொல்லுவார்."

"என்னையும் ஏசினவர்தான். சாகேல்லை."

மீன்காரி கொடியை அவருடைய தோளில் மாலைபோலப் போட்டாள். "இலைக்கு நான் கடன்படேல்லை, டொக்குத்தருக்கும் கடன்படேல்லை. வாய்க்கு முன்னாலை கிடந்ததை எடுக்காமல் விட்டது நான். வெறுந்தேத்தண்ணியைக் கைக்கக் கைக்கக் குடிச்சது நான். அதுக்கு நீ இந்தக் கொடியைப் படம் பிடிக்க வந்தனியோ?"

கடகத்தை இறக்கினாள். செருப்பைக் கழற்றினாள். வலது காலைத் தூக்கி, மனேச்சர் தடுப்பதற்கு முன், கடை மேசையில் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படம் எடுக்கிறதெண்டால் இதை எடு. எண்ணிப்பார். அஞ்சும் கிடக்கு."

பிலிம் தட்டுப்பாடான காலம். கமராவில் ஒரு படத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்று நிருபர் முணுமுணுத்தார். காலைப் பார்த்தார், அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த கொடியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, காலுக்கு நேரே குனிந்தார்.